காசும் கனிவும்

"பணம் பத்தும் செய்யும்", "பணம் பாதாளம் மட்டும் பாயும்" என்பன சிறு குழந்தையும் அறிந்த பழமொழிகள். பாதாளம் மட்டும் பாய்கின்ற பணம், மனிதனின் மூளைக்குள்ளும் பாய்கிறதா? பாய்ந்து அங்கே என்ன செய்கிறது? ஒரு தோழியின் புன்சிரிப்பு, ஆசிரியையின் 'நன்று' என்ற ஒரு சொல், வழி காட்டியதற்காக ஒரு முதியவர் கை கூப்பிச் சொல்லும் நன்றி, இவையெல்லாம் காசு இல்லாத வெகுமதிகள். காசைப் பற்றிய எண்ணம் உள்ளே வந்ததும் இந்த வெகுமதிகளின் சுவை குறைகிறதா? இக்கேள்வியை இந்த இதழில் நாம் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. ஏற்காட்டில் வாழும் நமக்கு இது அன்றாடக் கேள்வி. நம் வகுப்பறைகளில் தோட்ட முதலாளிகளின் மகளும், அத்தோட்டத்தில் காப்பிப் பழம் பறிப்பவரின் மகளும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கிறோம். பணத்தைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம் என்பது அந்த இருவரிடையே உள்ள நட்பைத் தொடுகிறது.

மலைக்கு வந்த காசு

சேர்வராயன் மலையில் பழங்காலந்தொட்டு வாழ்பவர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்து அவர்கள் கேரளத்தவர் என்று வெளியூரார் சிலர் நினைப்பதுண்டு. மலையில் வாழ்பவர் என்பதால் வந்த பெயர் அது; அவர்கள் பேசுவது தமிழே. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து உண்டு வந்த மக்கள் அவர்கள். 1820 ஆம் ஆண்டை ஒட்டிச் சேலம் மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பேற்ற எம்.டி. காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டு வந்தார். சாமை வீட்டில் தின்பதற்கு, காப்பியோ விற்பதற்கு. உண்பதற்கு விளைவித்த மலை, விற்பதற்கும் விளைவிக்கத் தொடங்கியது. இன்று இம்மலையில் அதிகம் விளையும் அரபிகா காப்பியின் உலக விலை நியூயார்க் சந்தையில் ஏறி இறங்குகிறது. நாம் கண்ணால் கண்டிராத அந்த ஊரின் ஏற்ற இறக்கம் நம் ஊர்க் கடைத்தெருவின் பேச்சை மாற்றுகிறது.

காப்பிக்குப் பின் வந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்திலுள்ள நம் ஊருக்கு வருகிறார்கள். மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது ஏரிக்கரையில் கால் வைக்க இடம் இராது. அவர்களை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. பகோடா பாயிண்டுக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் வழி கேட்பவர்களுக்குச் சிறு பிள்ளைகள் ஓடி வந்து வழி காட்டுகிறார்கள். சிலர் சிரித்து நன்றி கூறிச் செல்கின்றனர். சிலர் பத்து ரூபாய் நாணயம் ஒன்றைக் கையில் திணிக்கின்றனர். திணிப்பவர் நல்லெண்ணத்தோடுதான் திணிக்கிறார். ஆனால் அடுத்த முறை ஒருவர் வழி கேட்கும்போது அப்பிள்ளை அவர் முகத்தைப் பார்க்குமா, கையைப் பார்க்குமா? இதைத்தான் அறிஞர்கள் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு முறைகளில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

மூளையில் ஒரே பெட்டி

மூளையின் ஆழத்தில் 'ஸ்ட்ரையாட்டம்' என்றொரு பகுதி உண்டு. வெகுமதி கிடைக்கும்போது கிளர்ச்சி அடையும் பகுதிகளுள் இது முக்கியமானது. பசித்தவருக்கு உணவும், தாகமெடுத்தவருக்கு நீரும் இன்பம் தருவதில் இதற்குப் பங்கு உண்டு. பணம் கிடைத்தாலும் இது விழித்துக் கொள்ளும். ஆனால் பாராட்டு கிடைத்தால்? பாராட்டை உண்ண முடியாது, உடுக்க முடியாது. அதற்கும் மூளை இதே இடத்தில்தான் பதில் சொல்கிறதா?

ஜப்பானைச் சேர்ந்த கேய்சே இசூமா என்பவரும் அவருடைய குழுவினரும் 2008 இல் இதற்கு விடை கண்டனர். பத்தொன்பது பேரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, ஒரு நாள் சீட்டு விளையாட்டில் பணம் வெல்லச் செய்தனர். மற்றொரு நாள், 'உங்களைப் பற்றிப் பிறர் இவ்வாறு நல்லவிதமாகக் கூறியிருக்கிறார்கள்' என்று காட்டினர். இரு நாளிலும் ஸ்ட்ரையாட்டம் கிளர்ந்தெழுந்தது. காசையும் நற்பெயரையும் மூளை ஒரே பெட்டியில்தான் போட்டு எண்ணுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

இது நமக்கு ஆறுதல் தரும் செய்தி. 'பாராட்டு சோறு போடுமா?' என்று கேலி செய்பவர்கள் உண்டு. சோறு போடாது, ஆயினும் சோற்றுக்கு மகிழும் அதே மூளைதான் பாராட்டுக்கும் மகிழ்கிறது. அன்பான ஒரு சொல் மெய்யான பரிசு. அதைக் கொடுப்பவருக்குச் செலவில்லை. பெறுபவருக்கோ அது வெறும் காற்றன்று.

ஆனால் இதில் ஓர் ஐயமும் பிறக்கிறது. இரண்டும் ஒரே பெட்டியில் விழுகின்றன என்றால், ஒன்று மற்றொன்றை நெருக்கித் தள்ளாதா?

பார்த்தாலே மனம் மாறுமா?

அமெரிக்க உளவியலாளர் கேத்லீன் வோஸ் என்பவரும் உடன் உழைத்தோரும் 2006 இல் ஒன்பது சோதனைகளின் முடிவை வெளியிட்டனர். பணத்தை நினைவூட்டும் படமோ சொற்களோ காட்டப்பட்டவர்கள், காட்டப்படாதவர்களைவிடப் பிறருக்கு உதவுவதில் பின்தங்கினர். தனியே வேலை செய்ய விரும்பினர். பேச வருபவருக்கு நாற்காலியைச் சற்றுத் தள்ளியே போட்டனர். உலகெங்கும் இது பெரிதாகப் பேசப்பட்டது.

ஆயினும் அறிவியலின் அழகே, சொன்னதை மறுபடி சோதித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது. பணத்தின் படத்தைக் காட்டினாலே மனிதரின் கருத்து மாறுகிறது என்று 2013 இல் கூறிய இதே வகையான மற்றோர் ஆய்வை, 2014 இல் 36 குழுக்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவரிடம் சோதித்துப் பார்த்தனர். எதிர்பார்த்த மாற்றம் தென்படவில்லை. எனவே ரூபாய் நோட்டின் படத்தைக் கண்ட மாத்திரத்தில் மனிதன் கல்நெஞ்சன் ஆகிவிடுவான் என்று நாம் அடித்துச் சொல்வதற்கில்லை. அப்படியானால் வங்கியில் வேலை பார்ப்பவர்களும், மளிகைக் கடையில் கல்லாவில் அமர்ந்திருப்பவர்களும் அன்பற்றவர்களாக இருக்க வேண்டும். நாம் அறிந்த அளவில் அது உண்மையன்று.

நம் கருத்து இதுதான்: காசைக் காண்பது தீங்கன்று, காசை நினைப்பதும் தீங்கன்று. அன்பினால் நடந்து கொண்டிருந்த ஒரு காரியத்துக்குள் காசு நுழைந்து, 'இதற்கு விலை இவ்வளவு' என்று சொல்லும்போதுதான் மாற்றம் நேர்கிறது. இதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன.

விலை குறித்தபின் விளைந்தது

இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகரில் 1998 இல் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் ஓர் ஆய்வு நடந்தது. மாலையில் பிள்ளையை அழைத்துச் செல்லச் சில பெற்றோர் தாமதமாக வருவது வழக்கம். ஆசிரியை காத்திருக்க நேருமே என்ற கூச்சத்தால் பெரும்பாலோர் நேரத்துக்கு வந்து விடுவர். யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்னும் இரு பொருளியலாளர்கள், ஆறு காப்பகங்களில் தாமதத்துக்கு அபராதம் விதிக்க ஏற்பாடு செய்தனர். தாமதம் குறைந்திருக்க வேண்டுமல்லவா? குறையவில்லை, ஏறத்தாழ இரு மடங்காயிற்று. 'காசு கொடுக்கிறோமே' என்று பெற்றோருக்குக் கூச்சம் போய்விட்டது. சில வாரங்கள் கழித்து அபராதத்தை நீக்கினர். அப்போதும் தாமதம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை! கூச்சத்தை விலைக்கு விற்றால் திரும்ப வாங்குவது எளிதன்று என்பது இதனால் விளங்கும்.

அதே ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, நம்மைப் போன்ற உயர்நிலைப் பள்ளி மாணவரைப் பற்றியது. 180 மாணவர்கள் இருவர் இருவராக வீடு வீடாகச் சென்று நற்பணிக்கு நிதி திரட்டினர். ஒரு பிரிவினருக்கு அப்பணியின் சிறப்பை மட்டும் எடுத்துக் கூறினர். இரண்டாம் பிரிவினருக்குத் திரட்டும் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கும், மூன்றாம் பிரிவினருக்கு நூற்றுக்குப் பத்துப் பங்கும் தனியாகத் தருவதாகக் கூறினர். அப்பங்கு நன்கொடையிலிருந்து எடுக்கப்படவில்லை. ஆய்வாளர்கள் தம் கையிலிருந்து கொடுத்தது. முடிவில், ஒன்றும் பெறாத இணையர் சராசரியாக 239 ஷெக்கலும், நூற்றுக்குப் பத்து பெற்றவர் 219 ஷெக்கலும், நூற்றுக்கு ஒன்று பெற்றவர் 154 ஷெக்கலும் திரட்டினர். சும்மா உழைத்தவர்களே முதலிடம் பெற்றனர். அற்பக் காசு பெற்றவர்கள் கடைசியில் நின்றனர்.

சுவீடனில் 2008 இல் வெளிவந்த ஆய்வொன்று பெண்களாகிய நமக்குப் பெருமை சேர்ப்பது. குருதிக் கொடை அளிக்க முன்வருமாறு கேட்டபோது, பணம் தருவதாகச் சொல்லாத நிலையில் பெண்களில் நூற்றுக்கு 52 பேர் இசைந்தனர். ஐம்பது குரோனர் தருகிறோம் என்றதும் அது 30 ஆகக் குறைந்தது. 'அப்பணத்தை நீங்கள் விரும்பினால் அறப்பணிக்கு அளித்து விடலாம்' என்று சொன்னவுடன் மறுபடியும் 53 ஆயிற்று. ஆடவரிடம் இத்தகைய பெரிய மாற்றம் காணப்படவில்லை. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் பணத்துக்குக் குருதி விற்பவர்கள் இருந்தனர். உச்ச நீதிமன்றம் 1996 இல் அளித்த தீர்ப்பையடுத்து 1998 சனவரி முதல் அது தடை செய்யப்பட்டது. குருதி இன்று கொடையாக மட்டுமே அளிக்கப்பட வேண்டும் என்பது சட்டம்.

மூளைக்குள்ளேயே இம்மாற்றத்தைக் கண்டவரும் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர் கூ முரயாமாவும் குழுவினரும் 2010 இல் ஓர் எளிய விளையாட்டை ஆடச் செய்தனர். ஓடும் கடிகாரத்தைச் சரியாக ஐந்தாம் விநாடியில் நிறுத்த வேண்டும். ஆடிப் பார்த்தால் கைவிட மனம் வராத விளையாட்டு. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு வெற்றிக்கும் பணம் தந்தனர். மற்றப் பிரிவினருக்கு வெற்றிக்கென்று தனிப் பணம் இல்லை. பிறகு இரு பிரிவினரும் பணமின்றியே ஆட வேண்டும் என்றனர். வெற்றிக்குப் பணம் பெறாதவரின் ஸ்ட்ரையாட்டம் முன்போலவே வெற்றியில் மகிழ்ந்தது. பணம் வாங்கிப் பழகியவரின் ஸ்ட்ரையாட்டத்திலோ அந்தக் கிளர்ச்சி பெரிதும் மங்கி விட்டது. ஓய்வு நேரத்தில் தாமாக அவ்விளையாட்டை ஆட அவர்கள் அதிகம் விரும்பவும் இல்லை. விளையாட்டு மாறவில்லை, ஆடுபவரின் மனமே மாறிற்று.

பள்ளியில் முதல் மதிப்பெண்ணுக்கு இவ்வளவு, இரண்டாம் மதிப்பெண்ணுக்கு இவ்வளவு என்று வீட்டில் காசு பேசிக் கொள்ளும் தோழியர் இதைச் சிந்திக்க வேண்டும். அக்காசு என்றோ ஒரு நாள் நிற்கும். அன்று கணக்குப் பாடத்தின் இன்பமும் உடன் நின்று விடக் கூடாதல்லவா?

கரும்புத் தோட்டத்தின் பாடம்

இதுவரை கூறியதைக் கேட்டு, 'பணத்தை நினையாதிருப்பதே பண்பு' என்று முடிவு கட்டினால் நாம் பெரும் அநீதி செய்தவர்களாவோம். நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு அதை உணர்த்துகிறது.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளைச் சேர்ந்த 54 சிற்றூர்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்தார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டனர். கரும்பு விவசாயிக்குப் பணம் வருவது அறுவடைக்குப் பின்தான். அறுவடைக்கு முன்பு கையில் காசு வற்றிவிடும். அக்காலத்தில் நூற்றுக்கு 78 பேர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். அறுவடைக்குப் பின் அடகு வைத்தவர் 4 பேர்தாம். ஒரே விவசாயிக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் அறிவுத் திறன் சோதனைகள் வைத்தனர். முன்பு தடுமாறிய அதே மனிதர் பின்பு தெளிவாகவும் விரைவாகவும் விடை அளித்தார். ஆலைகள் வெவ்வேறு மாதங்களில் வெட்ட அனுமதிப்பதால், இது பருவநிலையின் விளைவு என்றும் தள்ளிவிட இயலாது. அறிவு குறைந்தவரல்லர் அவர். கடன்காரர் வரும் நாளும், வட்டி கட்ட வேண்டிய நாளும் அவர் மூளையில் பாதி இடத்தைப் பிடித்துக் கொண்டிருந்தன. மற்றவற்றை எண்ண இடம் ஏது?

இல்லாதவர் பணத்தை நினைப்பது பேராசையன்று. அது பசி போன்றது. வேண்டாம் என்றால் போய்விடாது. கட்டணம் கட்டும் மாதத்தில் ஒரு தோழி பேசாமல் ஒதுங்கி இருந்தால், கேலிக்குச் சிரிக்காவிட்டால், அவளைக் 'கர்வி' என்றோ 'மந்தம்' என்றோ சொல்லிவிடுவது எளிது. அவள் தலைக்குள் என்ன கணக்கு ஓடிக் கொண்டிருக்கிறதென்று யார் அறிவார்? காசைப் பற்றிக் கவலைப்படாதிருப்பதே ஒரு செல்வம். அச்செல்வம் உடையோர், அது இல்லாதோரைப் பார்த்து 'எப்போதும் காசு நினைவுதான்' என்று ஏளனம் செய்தல் தகாது.

வள்ளுவப் பெருந்தகை இரு பக்கமும் கண்டவர். 133 அதிகாரங்களில் 70 அதிகாரங்களைப் பொருட்பாலுக்கே ஒதுக்கினார். பொருள் செயல்வகை என்றும் நல்குரவு என்றும் தனித்தனி அதிகாரம் அமைத்தார். அறத்துப்பாலிலோ ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்து வைத்தார். பொருளை வெறுக்கவும் இல்லை. பொருளுக்கு அடிமையாகச் சொல்லவும் இல்லை.

அன்பு என்று சொல்லிக் கூலி குறைக்கலாமோ?

மற்றோர் எச்சரிக்கையும் இங்கே தேவை. 'சும்மா உழைத்தவர்களே நன்றாக உழைத்தார்கள்' என்னும் ஆய்வைக் கேட்டு, சில முதலாளிகள் மகிழக் கூடும். அவர்கள் மகிழ இடமில்லை. அம்மாணவர்கள் செய்தது ஒரு நாள் தொண்டு. மார்கழிப் பனியில், அட்டை கடிக்கும் ஈரச் சரிவில், இடுப்பில் கட்டிய பையோடு காப்பிப் பழம் பறிக்கும் பெண்மணி செய்வது தொண்டன்று. அது அவர் பிழைப்பு. அவருக்கு உரிய கூலியை முழுமையாக, உரிய நாளில் தருவதே அவருக்குச் செய்யும் முதல் மரியாதை. 'நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி' என்று இனிக்கப் பேசிக் கூலியைக் குறைப்பவர், அன்பையும் கெடுக்கிறார், நீதியையும் கெடுக்கிறார். நம் வீடுகளில் வேலை செய்யும் அக்காமார்களுக்கும் இது பொருந்தும். பெண்களின் உழைப்பு 'அன்பு' என்ற பெயரால் காலங்காலமாக இலவசமாக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பெண்கள் பள்ளியில் படிக்கும் நாம் மறக்கலாகாது.

கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் கூலி. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நன்றி. கூலி கொடுத்த இடத்தில் நன்றியும் சொன்னால் குறைந்து போவதில்லை. ஒரே பெட்டியில் இரண்டும் விழட்டுமே!

பணமே அன்பின் வாகனமாவதும் உண்டு. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் சில ஊர்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடத்துகிறார்கள். விருந்துண்டவர் மொய் எழுதுகின்றனர். பெற்றவர் அதைக் கொண்டு கிணறு வெட்டுவார், கடனை அடைப்பார், தொழில் தொடங்குவார். பின்னர் தம் முறை வரும்போது திருப்பிச் செய்வார். நோட்டுப் புத்தகத்தில் கணக்கு இருக்கிறது. ஆயினும் இலை போட்டுச் சோறும் இருக்கிறது. கனடாவில் எலிசபெத் டன் என்பவரும் குழுவினரும் 2008 இல் மாணவர் சிலருக்கு ஐந்து அல்லது இருபது டாலர் கொடுத்து, சிலரைத் தமக்கென்றும் சிலரைப் பிறருக்கென்றும் அன்று மாலைக்குள் செலவிடச் சொன்னார்கள். பிறருக்குச் செலவிட்டவர்களே மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தனர். தொகை ஐந்தா இருபதா என்பது பெரிதாகத் தோன்றவில்லை. ஆகவே காசு கெட்டது என்று சொல்ல நாம் வரவில்லை. அது எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பதைக் கவனிக்கவே சொல்கிறோம்.

நாம் செய்யத் தக்கவை

இனி, நம் பள்ளி வாழ்வில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது? மூன்று கருத்துகளைப் பணிவோடு முன்வைக்கிறோம்.

முதலாவது, நிதி திரட்டும் முறை. வெள்ளம், புயல் நேரும்போதும், முதியோர் இல்லத்துக்கு உதவும்போதும், 'எந்த வகுப்பு அதிகம் தந்தது?' என்று தொகையை வகுப்புவாரியாக அறிவிப்பது பல பள்ளிகளில் வழக்கம். இதனால் தொகை கூடும் என்பர். கூடலாம். ஆனால் அவ்வறிவிப்பைக் கேட்கும்போது, இரண்டு ரூபாய் போட்டவள் தலை குனிகிறாள். நூறு ரூபாய் போட்டவள் சுற்றிலும் பார்க்கிறாள். துயருற்றவரை இருவருமே மறந்து போகிறார்கள். விவிலியத்தில் ஏழைக் கைம்பெண் ஒருத்தி காணிக்கைப் பெட்டியில் இட்ட இரண்டு காசு, செல்வர் இட்டதைவிடப் பெரிதென்று சொல்லப்பட்டதை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். கேட்டது போதும், செய்து பார்ப்போமே! பள்ளி முழுவதற்கும் சேர்த்து ஒரே தொகையை அறிவிக்கலாம். வகுப்புகளுக்குள் போட்டி வேண்டுமெனில், எத்தனை பேர் கொடுத்தார்கள், எத்தனை பேர் துணி மடித்துக் கட்டவும், பொட்டலம் போடவும் வந்தார்கள் என்று எண்ணலாம். அப்போட்டியில் கையில் காசில்லாதவளும் முதலில் நிற்க முடியும்.

இரண்டாவது, உதவிக்கு உதவி என்னும் கணக்கு. குறிப்பெடுத்துக் கொடுத்தால் ஒரு சாக்லேட், படம் வரைந்து கொடுத்தால் ஐந்து ரூபாய் என்னும் பேச்சு நம்மிடையே தலைகாட்டுகிறது. விளையாட்டாகத் தொடங்குவதுதான். ஹைஃபாவின் பெற்றோரை நினைவில் கொள்க. விலை குறித்த பின் அதை அழிப்பது கடினம். காய்ச்சலில் கிடந்து பத்து நாள் பாடம் தவறவிட்ட தோழிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் குறிப்பு குறிப்பாகவே இருக்கட்டும், சரக்காக வேண்டாம். அவள் கண்ணில் தோன்றும் நிம்மதி, அஞ்சு ரூபாயில் வாங்க முடியாதது.

மூன்றாவது, நம் ஊருக்கு வரும் விருந்தினரிடமும், நாம் வேறு ஊருக்குச் செல்லும்போது நம்மிடமும் கேட்டுக் கொள்வது. வழி காட்டும் பிள்ளையின் கையில் நாணயத்தைத் திணிப்பதற்கு முன், பெயரைக் கேளுங்கள். எந்த வகுப்பு என்று கேளுங்கள். 'நல்லா வழி சொன்ன கண்ணு' என்று சொல்லுங்கள். பணம் செலவிட மனமிருந்தால், அப்பிள்ளையின் தாய் சாலையோரத்தில் விற்கும் பலாச்சுளையையோ மிளகையோ பேரம் பேசாமல் வாங்குங்கள். தாய்க்கு வியாபாரம், பிள்ளைக்கு நன்றி. இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கும்.

'இவையெல்லாம் சிறு பிள்ளைகள் பேசும் பேச்சு. உலகம் பணத்தால்தான் ஓடுகிறது' என்று பெரியோர் சிலர் கூறக் கூடும். உலகம் பணத்தால் ஓடுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. காப்பி விலை விழுந்த ஆண்டில் எத்தனை வீடுகளில் அடுப்பு மெலிந்து எரிகிறது என்பது இம்மலையில் வளரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனாலேயே சொல்கிறோம்: காசு குறைந்த ஆண்டிலும் குறையாமல் இருக்க வேண்டியது ஒன்று உண்டு. அது அண்டை வீட்டார் கதவைத் தட்டிக் 'காப்பி குடித்தாயா?' என்று கேட்கும் பழக்கம். அதற்கு விலை குறித்து விட்டோமானால், விலை விழும் நாளில் அதுவும் விழுந்து போகும்.

நாளை நம்மில் சிலர் வங்கிகளில் பணியாற்றுவோம். சிலர் வணிகம் செய்வோம். சிலர் தோட்டங்களை நிர்வகிப்போம். சிலர் அத்தோட்டங்களிலேயே உழைப்போம். எங்கிருந்தாலும் கணக்கைச் சரியாக எழுதுவோம். கூலியைக் குறையாமல் கொடுப்போம், தயங்காமல் கேட்டுப் பெறுவோம். கணக்கில் எழுத முடியாதவற்றைக் கணக்கில் எழுத முற்படாதிருப்போம். காசு காசின் வேலையைச் செய்யட்டும். கனிவு கனிவின் வேலையைச் செய்யட்டும். இவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவை இப்பள்ளியிலேயே பெற்றுச் செல்வோமாக!